எது திணறுகிறது என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறந்தாங்கியில் பதினாறு வருடமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம் என எல்லாம் இரண்டு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதிலிருந்து, "பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்றாங்களே, வாங்கணுமாக்கா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல நினைக்கிறேன்.

என் பழைய சிஸ்டம் 2014-இல் அசெம்பிள் செய்தது. கணக்குப் போடும் பிராசஸர் நான்காம் தலைமுறை ஐ3, வேலை நடக்கும்போது தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ராம் 4 ஜி.பி., கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் 500 ஜி.பி. 2025 ஜனவரியில், தை முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில், அது படுத்தே விட்டது. காலையில் பட்டனைத் தட்டிவிட்டு, வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மகள் பெயரில் விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்க்க வந்த அப்பா, மஞ்சள் பையோடு இருபது நிமிடம் நின்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சர்வீசுக்கு எடுத்துப் போனேன். மூடியைக்கூடக் கழற்றவில்லை. "முடிஞ்சுபோச்சுக்கா, புதுசுக்கு 42,000 ஆகும்" என்றார்கள். அந்தச் சீசன் வருமானமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகன் போனில், "அத்தை, எதையும் வாங்காதீங்க. வேலை நடக்கும்போதே கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. வர்ற படத்தை எனக்கு அனுப்புங்க" என்றான். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. பிராசஸர் 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் இறங்காமல் நின்றது. ராமும் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

அப்புறம்தான் விளங்கியது. என் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. படிக்கும் முள் இடம் தேடி நகர்ந்து, தேவையான இடம் சுற்றி வரும்வரை காத்திருந்துதான் படிக்க வேண்டும். அப்படி அங்கங்கே சிதறிக் கிடப்பதை நொடிக்கு நூறு சொச்சம் முறைதான் அதனால் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கவோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பிலேயே சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பல ஆயிரம் முறை எடுத்துக் கொடுத்துவிடும். இன்னொன்று, ராம் நிரம்பினால் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில்தான் இறக்கி வைக்கிறது. ஏற்கெனவே திணறும் டிஸ்க் மீது அந்தச் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

அப்போது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,900 ரூபாய், 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம் 900 ரூபாய். மதர்போர்டில் ஒரு ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். முதலில் வாடிக்கையாளர் கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிவைத்தேன், பிறகு பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து, குளோன் செய்தோம். ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. நான்கு நிமிடம் எடுத்தது இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. போட்டோஷாப்பைத் திறந்துவிட்டு டீ வாங்கப் போன காலம் போய்விட்டது.

ஆனால் இதே வைத்தியம் எல்லாருக்கும் பலிக்காது. பக்கத்து ஸ்டூடியோ தம்பி என்னைப் பார்த்து எஸ்.எஸ்.டி. போட்டார். எடிட் செய்த கல்யாண வீடியோ முழுப் படமாக உருவாகும், அதாவது ரெண்டர் ஆகும் நேரத்தில் பெரிய மாற்றமே இல்லை. அவருக்கு 100-இல் நின்றது பிராசஸர்! அவர் புதுசு வாங்கியதுதான் சரி. இன்னொருவர் 8 ஜி.பி. ராமை 16 ஆக்கினார். அவர் பயன்பாடு 5 ஜி.பி.யைத் தாண்டுவதே இல்லை. அரசு இணையதளம் திறக்கத் தாமதமானால் அது நெட்டாகவோ அந்த சர்வராகவோ இருக்கலாம், நம் பெட்டியைத் திட்டிப் பயனில்லை. என்னுடையதைவிடவும் பழைய, கோர் 2 டியோ பிராசஸர், டி.டி.ஆர்.2 ராம் காலத்துப் பெட்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், என்னுடையது சேராது. அதனால் நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்திருக்கிறேன், அது 2026 அக்டோபர் வரை. பணம் கட்டுவது, ஆதார் சம்பந்தப்பட்ட விண்ணப்பம் எல்லாம் மற்ற கம்ப்யூட்டரில்தான் செய்கிறேன். இதில் டைப்பிங்கும் டிசைனும் மட்டும்.

சர்வீஸ் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விலை சொல்லும் முன் அந்த டாஸ்க் மேனேஜர் திரையை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் காட்டுங்கள். எது 100-இல் நிற்கிறது என்று எங்களுக்கும் வாசிக்கத் தெரியும். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்திலும், புது மாடல்களின் விலையோடு, கையில் இருப்பதைச் சோதித்துப் பார்க்கும் முறையைப் படத்தோடு ஒரு முறை வெளியிட்டால், ஜூன் மாதம் பிள்ளைகளுக்காகக் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் எடுக்க நினைக்கும் பெற்றோருக்கு உதவும்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
அறந்தாங்கி.