ஒத்துழைக்காத குடும்பத்திலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போதை மீட்பு ஆலோசகர்களுக்குச் சேலத்தில் நடந்த பயிற்சி பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். படம் பிரமாதம், குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: "குடும்பத்தினர் ஒத்துழைக்காததாலேயே பலர் மீண்டும் குடிக்கின்றனர்." யார் சொன்னது என்றுகூடப் போடவில்லை. என் மாமியார் அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார், மிக்க நன்றி.

ஐயா, நான் செய்யாத ஒத்துழைப்பா? தோட்டத்து மேஸ்திரியிடம் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னது யார், கடன்காரருக்குப் பதில் சொன்னது யார்? ஒருமுறை குடியைச் சட்டென்று நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாளில் கை கால் நடுங்கி, சுவரில் இல்லாத பாம்பைக் காட்டிக் கத்தினார். ராத்திரியோடு ராத்திரியாக ஜீப் பிடித்து ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்று அதற்கு முன் போயிருந்த மையத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அங்கே ஆலோசகர் தம்பி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, "நீங்க வீட்ல சண்டை போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு அடி விழுகிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? போலீஸ் ஸ்டேஷனில் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்றார்கள். வகுப்பில் தூங்கி விழுந்த என் பையனுக்குப் பள்ளியில் கிடைத்தது முட்டி போடும் தண்டனைதான்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான் என்று காந்தி ஜெயந்திக்குக் காந்தி ஜெயந்தி பெருமையாக எழுதுகிறீர்கள். சரி. 2003லிருந்து கடையை அரசாங்கமே நடத்துகிறதே, அங்கே ஒத்துழைப்புக்கு என்ன குறைச்சல்?

அப்புறம் உங்கள் வரி விளம்பரங்கள். "குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்." என் நாத்தனார் அதை நம்பிக் கலந்தார். அதன்மேல் என் வீட்டுக்காரர் குடித்ததும் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, மூச்சுத் திணறி விழுந்தார். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. விளம்பரம் இன்னும் வருகிறது.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். வீட்டாருக்கே பயிற்சி கொடுக்கும் 'கிராஃப்ட்' என்ற முறை அமெரிக்காவில் உண்டு என்று அவள்தான் சொன்னாள். போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாமல் தெளிந்திருக்கும் நேரம் பார்த்துப் பேசுவது, குடிக்காத நாளில் கூட இருந்து சந்தோஷமாக வைத்துக்கொள்வது, அடிதடி வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே எங்கே போவது என்று யோசித்து வைப்பது, அவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நம் பிழைப்பைப் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையில் வீட்டாருக்கென்றே தனியாக ஆலோசனை உண்டு. மலைமேல் இருக்கும் எங்களுக்கு அதெல்லாம் எப்போது ஏறி வரும்? பயிற்சி வேண்டியது ஆலோசகர்களுக்கு மட்டுமல்ல. நர்ஸ், டீச்சர், எஸ்.ஐ. எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும், சொல்லித்தரும் இடத்தில் எங்களில் ஒருத்தியையாவது பேச விட வேண்டும்.

அதையெல்லாம் நீங்கள் செய்ய முடியாது, தெரியும். அந்த 'தெரியாமலே' விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மத்திய அரசின் இலவசப் போதை மீட்பு உதவி எண் 14446ஐப் போடுங்கள். வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம் என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு.