பிளாஸ்டிக் புஷ் என்று மட்டும் எழுதாதீர்கள்

மொரீஷியஸ் ஆலைகளில் பராமரிப்பும் கொள்முதலும் பார்க்கும் தமிழ் மேலாளர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு ஃபிட்டர். கோயம்புத்தூரில் லேத் பழகி, இப்போது இங்கே மொரீஷியஸில் கோரமண்டல் பக்கம் இயந்திரம் பார்க்கிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு விஷயம்தான் இருக்கிறது. உதிரிபாக ஆர்டரில் "பிளாஸ்டிக் புஷ்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த பிளாஸ்டிக் என்று எழுதுங்கள். புஷ் என்றால் தண்டைச் சுற்றி மாட்டும், உராய்வைத் தாங்கும் குழாய் போன்ற வளையம்.

ஓர் ஆலையில் துணி வெட்டும் கணினி இயந்திரத்தில், கத்தித் தலை ஓடும் தண்டின் புஷ் தேய்ந்துபோனது. ஆர்டர் போனது, புதியது வந்தது. பழையதும் வெள்ளை, புதியதும் வெள்ளை. ஆனால் பழையது அசிட்டால் என்ற பிளாஸ்டிக், வந்ததோ நைலான். மாட்டிய அன்று ஒரு விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் பிப்ரவரி மழை, புழுக்கம். மூன்றாவது வாரம் தலை திக்கித் திக்கி நகர ஆரம்பித்தது. வெட்டிய சட்டைக் கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓரம் பொருந்தவில்லை. யாரோ நல்ல எண்ணத்தில் எண்ணெய் விட்டார்கள். பஞ்சுத்தூசி அதில் ஒட்டி, கறுப்புக் களிம்பாகத் தண்டைச் சுற்றிக்கொண்டது. கழற்றி அளந்தேன். மாட்டும்போது தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விட்டிருந்த 0.08 மி.மீ. இடைவெளி முழுக்கப் போயிருந்தது.

புஷ்ஷின் மேல் தப்பில்லை. நைலான் 6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை ஈரம் ஏற்கும். அசிட்டால் 1 சதவீதத்தைக்கூடத் தாண்டாது. நைலான் காற்றிலிருந்தும் மெல்ல மெல்லக் குடித்து உப்பும். வெளிப்பக்கம், புஷ்ஷைப் பிடித்திருக்கும் உறையில் இறுகியிருப்பதால், உப்பியது துளைக்குள்தான் வரும். கடல் சூழ்ந்த தீவில் இதை மறந்து ஆர்டர் போட முடியாது. கட்டாயம் நைலான்தான் என்றால், இடைவெளியைக் கூடுதலாக விட்டு, உறையில் அடித்த பிறகு துளையை அளக்கவேண்டும்.

நான் பிளாஸ்டிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. நுணுக்க வேலைக்கு அதைப்போல வேறில்லை. 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் கண்டுபிடித்த டெஃப்லானையே பாருங்கள். எஃகின் மேல் அதன் உராய்வுக் குணகம், அதாவது பாரத்தில் எத்தனை பங்கு விசையால் தள்ளினால் நகரும் என்ற அளவு, 0.05 முதல் 0.1 வரைதான். அதைவிடப் பெரிய குணம், நிற்கும்போது உள்ள உராய்வுக்கும் ஓடும்போது உள்ளதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாதது. அதனால்தான் 0.01 மி.மீ. நகரச் சொன்னால் இயந்திரத்தின் மேசை குதிக்காமல் நகர்கிறது. லேத்தின் சறுக்குப்பாதையில் ஒட்டியிருக்கும் பச்சைநிறப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அது வெண்கலத்தூள் கலந்த டெஃப்லான். கலப்பில்லாத டெஃப்லான் பாரம் தாங்காமல் மெதுவாகப் பிதுங்கிவிடும், சீக்கிரம் தேயவும் செய்யும்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது, எஃகைவிட ஏறக்குறைய எட்டுப் பத்து மடங்கு விரியும். அதனால் பாரத்தையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லாமல் எந்தக் கடைக்காரரிடமும் புஷ் கேட்காதீர்கள். பாரம் மிகுந்த கரும்பாலை உருளைக்கு வெண்கலமே இருக்கட்டும்.

ஆர்டர் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இடம் விடுங்கள். புஷ் எந்தப் பொருளால் ஆனதாக வேண்டும், பாரம், வேகம், அந்த இடம் ஈரமா, தூசியா என்று அதில் எழுதலாம். அது போவதற்கு முன் மாட்டப்போகும் ஆளிடம் ஒருமுறை காட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான். அன்று அதைச் செய்யாததால் இரண்டு ஷிஃப்ட் நின்றது. கோணலாக வெட்டிய துணி மூட்டை மூட்டையாகக் கழிவுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த நைலான் புஷ் இப்போதும் என் கருவிப்பெட்டியில் இருக்கிறது. சொல்லுங்கள், ஓர் அசிட்டால் புஷ்ஷோடு சேர்த்துக் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கோரமண்டலிலிருந்து ஒரு ஃபிட்டர்