திருத்தும் பேனாவை ஓரமாக வைத்துவிட்டு வரைய உட்காருங்கள்: வீட்டுவழிக் கல்விப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் கூடுகைகளில் கணக்கும் அறிவியலும் அலசப்படும் அளவுக்குத் தமிழில் எழுதுவது அலசப்படுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம், "வாய் ஓயாமல் கதை சொல்கிறான், எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நிறுத்திவிடுகிறான்" என்ற குறையையே கேட்கிறேன். பள்ளியில் ஒரு குழந்தை எழுதுவதைப் பக்கத்தில் இருக்கும் தோழி எட்டிப் பார்ப்பாள், சிரிப்பாள், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பாள். வீட்டில் எழுதும் குழந்தைக்கோ படிப்பவரும் திருத்துபவரும் ஒருவரே. தான் எழுதியதை அம்மா படிக்கிறாள் என்றால் றகரத்தையும் ளகரத்தையும் தேடுகிறாள் என்று அந்தக் குழந்தை சீக்கிரமே புரிந்துகொள்கிறது. தப்பில்லாமல் எழுத எளிய வழி, குறைவாக எழுதுவதுதான்.

இந்த நிலையை மாற்ற எனக்குத் தெரிந்த சிறந்த வழி வரைதல் விளையாட்டு. ஆட்டத்தில் நாமும் ஓர் ஆட்டக்காரராகிவிடுவதால், பிழை பார்க்கும் வேலை தானாகவே நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

1920களில் பாரிஸின் சர்ரியலிசக் கலைஞர்கள் (கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்றவர்கள்), முதலில் சொற்களை வைத்தும் பிறகு படங்களை வைத்தும் ஆடிய மடித்த தாள் விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் தலையை வரைந்து மடித்துக் கொடுக்க, அதைப் பார்க்காமலே அடுத்தவர் உடலையும் மூன்றாமவர் கால்களையும் வரைய வேண்டும். எங்கள் வீட்டில் ஒருநாள் காக்கைத் தலையும் குக்கர் வயிறும் கொக்குக் கால்களுமாக ஓர் உயிர் பிறந்தது. "விசில் வந்தால் இது என்ன செய்யும்?" என்று கேட்டேன். "விசில் வந்தா அதுக்குப் பசி எடுத்துருச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே என் மகள் அதைப் படத்தின் கீழே எழுதினாள். பிறகு அது எங்கே தூங்கும், யாருக்குப் பயப்படும் என்று நான் கேட்காமலே எழுதிக்கொண்டு போனாள். பயிற்சி ஏடுகளில் வரும் 'படம் பார்த்துக் கதை எழுதுக' பகுதியில் இது நடப்பதில்லை. யாரோ அச்சிட்டுக் கொடுத்த பூங்காவைப் பார்த்து எல்லாக் குழந்தைகளும் ஒரே ஐந்து வாக்கியங்களைத்தான் எழுதுகிறார்கள். தன் கையே வரைந்து, தன்னையே வியக்க வைத்த ஒன்றைப் பற்றிச் சொல்லக் குழந்தைக்கு நிறைய இருக்கிறது.

அவள் எழுதியது பேச்சுத் தமிழ்தான். அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்று வற்புறுத்தியே கேட்கிறேன். 'எடுத்துருச்சு' என்று பேசும் குழந்தையிடம், கதையைக் கற்பனை செய்துகொண்டே அதை 'எடுத்துவிட்டது' என்று மாற்றியும் எழுது என்பது ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் சுமத்துவதாகும். மறுநாள் அதே கதையை எடுத்து, பாத்திரங்கள் பேசுவதை அவர்கள் மொழியிலேயே விட்டு, மற்றதை எழுத்து வழக்கில் மாற்றிப் பார்க்கலாம். நம் சிறுகதைகளும் நாவல்களும் நெடுங்காலமாக அப்படித்தான் எழுதப்படுகின்றன.

தயங்கும் குழந்தைகளுக்குக் கிறுக்கல் விளையாட்டு ஏற்றது. பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட், தம்மிடம் வந்த குழந்தைகளோடு இதை ஆடினார்: ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்க, மற்றவர் அதை ஏதாவது உருவமாக்குவார், பிறகு முறை மாறும். பெரியவரின் கிறுக்கலும் குழந்தையின் கிறுக்கலும் அங்கே சமம்.

எழுத்துக்கு மிக அதிகமாக உதவுவது, என் அனுபவத்தில், மறைத்து வைத்த படத்தைச் சொல்லி வரையவைக்கும் ஆட்டம். குழந்தை ஒரு படம் வரைந்து ஒளித்து வைத்துவிட்டு, அதை எப்படி வரைய வேண்டும் என்று தாளில் எழுதி அடுத்த அறையில் இருக்கும் அப்பாவிடம் அனுப்ப, அவர் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வரைவார். 'வீட்டுப் பக்கத்தில் மரம்' என்று இருந்தால் அவர் இடப்பக்கம் வரைவார். படத்திலோ அது வலப்பக்கம் நிற்கும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்ததும், எந்தச் சொல் குறைந்தது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்து, நாம் வாய் திறப்பதற்குள் பென்சிலை எடுத்துத் திருத்திவிடுகிறது. நாம் சிவப்பு மையில் எழுதும் எந்தக் குறிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இங்கே அப்பாவின் வேலை உண்மையாகப் படிப்பது மட்டும்தான். புரிந்தும் புரியாதவர் போல நடிக்கவோ, தவறை மறைக்கச் சரியாக ஊகித்து வரையவோ வேண்டாம்.

பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை, பள்ளிக்குப் போகாதவர்களும் எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் (NIOS) வழியாக எழுதுவதற்கே 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தையைக் கட்டுரைக்குப் பழக்க நமக்கு என்ன அவசரம்?

அடுத்த கூடுகைக்கு ஒவ்வொரு குடும்பமும் மடித்த தாள் படங்கள் சிலவற்றைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீட்டின் படத்துக்கு இன்னொரு வீட்டுக் குழந்தை கதை எழுதட்டும். அதை முதலில் படிப்பவர், படத்தை வரைந்த குழந்தையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒரு தாய்