வெயில் எறித்துவிட்டால் மைதானம் தயாராகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் இரு கல்லூரிகளுக்கிடையே டிசம்பர் முற்பகுதியில் நடைபெறவிருந்த உதைபந்தாட்டப் போட்டி, 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலை அடுத்துத் திகதி குறிப்பிடப்படாமல் பிற்போடப்பட்டதைப் பழைய மாணவர்கள் சிலர் கடுமையாகக் குறை கூறி வருகின்றனர். புயல் கடந்த சில நாட்களிலேயே வெயில் எறித்துவிட்டது, நகரில் முச்சக்கர வண்டிகள் ஓடுகின்றன, கடைகள் திறந்துவிட்டன, பந்து மட்டும் ஏன் ஓடக்கூடாது என்பது அவர்களுடைய கேள்வி. பதாகைகள் அச்சிட்டாகிவிட்டது, பப்பரே வாத்தியக் குழுவுக்கு முற்பணம் கொடுத்தாகிவிட்டது, போட்டியைப் பார்க்கவென்றே கனடாவிலிருந்து விமானச்சீட்டு எடுத்து வந்தவர்களும் உள்ளனர் என்பதால் அவர்களது மனத்தாங்கல் எனக்கு விளங்காமல் இல்லை. ஆயினும், உடற்கல்வி ஆசிரியராகவும் பாடசாலைப் போட்டிகளில் நடுவராகவும் நெடுங்காலம் மைதானத்தில் நின்றவன் என்ற வகையில், பிற்போட்ட முடிவு சரியானதே என்றும், திகதி சொல்லாமல் பிற்போட்டதே பிழை என்றும் கூற விரும்புகிறேன்.

எங்கள் கரையோர மைதானங்களின் மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. மேல்மண் ஒரே நாள் வெயிலில் காய்ந்துவிடும். வேலியோரம் நின்று பார்ப்பவருக்குப் புல் பசேலென்று தெரியும். அடியிலோ நிலத்தடி நீர் ஒரு சாண் ஆழத்தில் நிற்கும். நடுவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பந்தைத் தோளுயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பார்கள். பிறகு தரையோடு உருட்டிப் பார்ப்பார்கள். எழும்பாத பந்தும் இடைவழியில் நின்றுவிடும் பந்தும் சொல்லும் செய்தி ஒன்றுதான்: ஓடிவரும் பையனின் கால் மண்ணில் புதையும், அவனது உடல் முன்னே போகும், முழங்கால் திருகும். பதினேழு வயதில் கிழிந்த முழங்கால் தசைநார் எத்தனை பேரின் விளையாட்டு வாழ்க்கையை முடித்திருக்கிறது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மண்ணை விட எனக்கு அச்சம் தருவது மண்ணுக்குள் கிடப்பவை. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கிய புயலை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே நாங்கள் ஒரு சிநேகபூர்வப் போட்டியை வைத்தோம். மைதானத்தைக் கூட்டிப் பெருக்கினோம், முறிந்த கிளைகளை அகற்றினோம், கோல் கம்பங்களை நிமிர்த்தினோம், அத்துடன் வேலை முடிந்ததென்று நினைத்தோம். இரண்டாம் பாதியில் சறுக்கிப் பந்தை மறித்த ஒரு மாணவனின் தொடையை, சேற்றுக்குள் புதைந்து கிடந்த கூரைத் தகரத்தின் விளிம்பு கிழித்தது. அந்தத் தகரம் எந்த வீட்டுக் கூரையிலிருந்து பறந்து வந்ததோ தெரியாது. அவசரப்பட்டுப் போட்டியை வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

வெள்ளம் நின்ற நிலத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாட்கணக்கில், ஈரம் குறையாவிட்டால் வாரக்கணக்கிலும் உயிரோடிருக்கும். அது உடலுக்குள் புகச் சிறு கீறல் போதும்; உதைபந்தாட்ட வீரனின் காலில் கீறல் இல்லாத நாள் ஏது? வயலில் இறங்குமுன் விவசாயிகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பு மாத்திரை கொடுப்பதை நாம் அறிவோம். மைதானத்தில் இறங்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

குறை கூறுபவர்கள் இன்னுமொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரி அணியென்றால் நகரத்துப் பிள்ளைகள் மட்டுமல்லர். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வந்து படிப்பவர்கள், உறவினர் வீட்டில் தங்கிப் பயிற்சிக்கு வருபவர்கள் அதில் உண்டு. மாவிலாற்றின் அணைக்கட்டு உடைப்பெடுத்து வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தபோது அவர்களது குடும்பங்கள் இடைத்தங்கல் முகாம்களுக்குச் சென்றன. பாயும் பாத்திரமும் போன வீட்டில் விளையாட்டுச் சப்பாத்து மட்டும் மிஞ்சியிருக்குமா? அத்தகைய பிள்ளையை விட்டுவிட்டு அணியை இறக்கினால் அந்தக் கிண்ணத்தில் என்ன பெருமை இருக்கிறது? 2020 டிசம்பரில் புரெவி புயல் நகரை அதிகம் வருத்தாமல் கடந்து போனதை வைத்து, எல்லாப் புயலும் அப்படித்தான் என்று நகரத்தில் இருப்பவர்கள் எண்ணிவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நாடு முழுவதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையையே நவம்பர் 27ஆம் திகதி முதல் நிறுத்தி, எஞ்சிய பாடங்களை ஜனவரி 12ஆம் திகதியிலிருந்து நடத்துவதாகப் பரீட்சைத் திணைக்களம் அறிவித்தது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் பரீட்சை காத்திருக்கலாமாம், தொண்ணூறு நிமிட ஆட்டம் காத்திருக்கக்கூடாதாம்! ஆனால் அந்த அறிவிப்பில் ஒரு நேர்த்தி இருந்தது. மாற்றுத் திகதி தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. எமது போட்டி தொடர்பான அறிவிப்பில் அதுதான் இல்லை. "பின்னர் அறிவிக்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டதால், ஊரெங்கும் வதந்தி பரவியது. ஒரு தரப்பு வராவிட்டால் மற்றத் தரப்புக்கு வெற்றி வழங்கப்படும் என்றுகூடப் பேச்சு அடிபடுகிறது.

அது விளையாட்டின் மரபுக்கு ஒவ்வாது. உதைபந்தாட்ட விதிகளில் 5ஆவது விதி, வெளிக் காரணங்களால் ஆட்டத்தை இடைநிறுத்தவும் கைவிடவும் நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. 7ஆவது விதி, கைவிடப்பட்ட போட்டியை, சுற்றுப்போட்டியின் விதிகளோ ஏற்பாட்டாளர்களோ வேறுவிதமாகத் தீர்மானித்திருந்தால் ஒழிய, மீண்டும் நடத்த வேண்டும் என்கிறது. தொடங்கி நின்றுபோன ஆட்டத்துக்கே விதி இதுவென்றால், தொடங்காத ஆட்டத்தில் எவருக்கும் இலவச வெற்றி கொடுக்க இடமேது?

ஜனவரியிலும் வாடைக் காற்றின் மழை இங்கே ஓயாது. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் வீரர்களும் அணியில் இருப்பார்கள். ஆகவே பெப்ரவரியில் ஒரு நாளை இப்போதே குறித்து, அதற்கு முன் முழுமையாக இரண்டு வாரம் பயிற்சிக்கு ஒதுக்குமாறு இரு கல்லூரி அதிபர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மைதானத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் போதாது. காந்தம் பொருத்திய தடியை இழுத்து ஆணியும் தகரமும் பொறுக்கிய பின்னரே பந்தை வைக்க வேண்டும். பதாகைகளில் திகதிக்கு மேல் ஒரு தாளை ஒட்டிக்கொள்ளலாம். பப்பரே குழுவினரும் மறுக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டு மாறுவதால் வயதெல்லையைக் கடந்துவிடும் மாணவர்கள் இரு அணிகளிலும் இருப்பார்கள். கல்லூரிச் சீருடையில் அவர்கள் ஆடவிருந்த கடைசிப் போட்டி இதுவாகும். இவ்வாண்டுக்கெனப் பதிவு செய்யப்பட்ட வீரர் பட்டியலே புதிய திகதியிலும் செல்லுபடியாகும் என்று இரு அதிபர்களும் கையொப்பமிட்டு, பாடசாலை விடுமுறைக்கு முன் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.