திருப்பணி நிறைவு அறிக்கை: நாலடி உயர்ந்த நம் அம்மன் ஆலயம்

அன்பான ஆலய உறுப்பினர்களுக்கும், உபயதாரர்களுக்கும், மலேசியாவின் காஜாங் பக்கத்தில் உள்ள இந்தப் பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்து இன்று வேறு ஊர்களில் இருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

பங்குனியில் கும்பாபிஷேகம் முடிந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் போன வெள்ளிக்கிழமை அம்மன் அருளால் நல்லபடியாக நிறைவு பெற்றது. திருப்பணிக்குழு என்ன செய்தது, ஏன் செய்தது, எங்கே சறுக்கியது, இன்னும் என்ன பாக்கி என்பதை உங்களிடம் சொல்ல வேண்டிய நேரம் இது. வரவு செலவுக் கணக்கு கணக்காய்வாளர் கையெழுத்தோடு தனியாக அச்சாகியிருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால் ஒரு பிரதி தருவார்கள். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். அதனால் இங்கே வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நிறையப் பேர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "கோபுரத்துக்குச் சாயம் பூசி, கூரை ஒழுகலை அடைத்திருந்தால் போதாதா? கருவறையை ஏன் பிரித்தீர்கள்?"

தண்ணீர்தான் காரணம். கடந்த சில வருடங்களாக ஒரு மணி நேரம் அடைமழை பெய்தால் போதும், வாசல் வழியாக வரும் தண்ணீர் அர்த்தமண்டபத்தைத் தாண்டி அம்மன் பீடத்தைத் தொட்டுவிடும். ஓர் ஆடி வெள்ளி மாலை குருக்கள் முழங்கால் தண்ணீரில் நின்று தீபாராதனை காட்டியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விளக்கு எண்ணெய் தண்ணீர் மேல் படர்ந்து, அதில் குங்குமமும் அரளிப்பூவும் மிதந்து வந்து தூணோரம் ஒட்டிக்கொண்டு நின்றன. மறுநாள் காலையில் சேற்றை வழித்தெடுக்கும்போது எங்கள் பெண்களில் பலர் அழுதார்கள்.

கோவில் கட்டிய காலத்தில் இந்தக் குறை இல்லை. மேடு பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, கோவிலுக்கு ஏற்றத்தில்தான் நடந்து போவோம் என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கோவில் இருந்த இடத்தில்தான் இருந்தது. சுற்றியிருந்த ஊர்தான் உயர்ந்துகொண்டே போனது.

தாமானுக்கு, அதாவது இங்கே எழுந்த புதிய குடியிருப்புக்கு, புதிதாக வந்த உறுப்பினர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காஜாங்கிலிருந்து செமினி வரை இந்தப் பக்கம் ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர் மரக்) காடு. மலாயாவில் பால்மரத்தை முதன்முதலில் தோட்டப் பயிராக நட்ட இடங்களில் காஜாங்கும் ஒன்று. கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களிலேயே இங்கே நட்டார்கள். நம் முன்னோர் பெரும்பாலும் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி அழைத்து வந்தவர்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கிலோ, இன்று போர்ட் கிள்ளான் என்கிற போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1938ல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு இங்கே இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இந்தத் தோட்டம். விடியுமுன் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு, அப்புறம் பால்வெட்டு, குழந்தைகள் ஆயாக்கொட்டகையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மன் சன்னதியில். இதுதான் வாழ்க்கை.

செயற்கை ரப்பர் வந்து விலை சரிந்தபோது, 1960களிலிருந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறின. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917லேயே கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிவிட்டது என்றாலும், நம் பக்கம் பால்மரம் விழுந்தது வெகு காலம் கழித்துத்தான். செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. லயத்தில் வீடுகள் காலியாகத் தொடங்கியது அப்போதுதான்.

பிறகு நகரம் எங்களைத் தேடி வந்தது. 1977ல் தேசியப் பல்கலைக்கழகம் பாங்கிக்கு வந்தது. 2005ல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் செமினி பக்கம் வளாகம் திறந்தது. 2017 ஜூலையில் காஜாங்கிலிருந்து எம்ஆர்டி நகர ரயில் ஓடத் தொடங்கியது. கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்கள் இங்கே வீடு வாங்குவதற்குத் தயங்க ஒரு காரணமும் மிச்சமில்லை. தோட்டம் கை மாறியது. லயத்து மக்கள் நோட்டீஸ் வாங்கிக்கொண்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். குன்றை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள். முதலில் வடக்கே இரட்டை மாடி வீடுகள், அடுத்து கடைவரிசை, கடைசியாகக் காண்டோ என்கிற வசதியான அடுக்குமாடியும் நாலு தடச் சாலையும். ஒவ்வொரு கட்டத்திலும் நூறு நூறாக லோரி மண் வந்து விழுந்தது. தோட்டத்துப் பெரிய கானை (வடிகாலை) மூடிவிட்டு வேறு பக்கம் திருப்பினார்கள். தாமானில் குடியிருக்கும் பொறியியலாளர் ஒருவர் காசு வாங்காமல் மட்டம் பார்த்துக் கொடுத்தார். சாலை நம் கோவில் தரையைவிட மூன்றரை அடி உயரத்தில் இருந்தது. ஊர்த் தண்ணீருக்கெல்லாம் நாம்தான் குட்டையாகியிருந்தோம்.

இந்த இடத்தில் நமக்கு முந்தைய நிர்வாகத்தை மனதார நினைக்க வேண்டும். தோட்டக் காலத்தில் துரை "கட்டிக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னதுதான் அனுமதி. பத்திரம் என்று ஒன்றும் கிடையாது. நிலம் கை மாறிய அன்று கேட்ட முதல் கேள்வி "தாள் எங்கே?" என்பதுதான். அந்தத் தாளுக்காகப் பன்னிரண்டு வருடம் நில அலுவலகத்துக்கு நடந்தவர்கள் பால்வெட்டிய கைகள்தான். கையெழுத்தைத் தவிர வேறு எழுதத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். எத்தனையோ தோட்டக் கோவில்கள் இடம் பெயர்ந்தும் இல்லாமலும் போன காலத்தில் நம் அம்மன் இங்கேயே இருக்கிறாள் என்றால் அது அவர்கள் நடந்த நடை.

சரி, திருப்பணிக்கு வருகிறேன். சிறப்புப் பொதுக்கூட்டத்தில் மூன்று யோசனைகள் வந்தன. மதிலை உயர்த்தி, பம்பு வைத்துத் தண்ணீரை இறைப்பது ஒன்று. கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் தருவதாகச் சொன்ன மாற்று இடத்துக்குப் போவது இன்னொன்று. இருந்த இடத்திலேயே தரையை நாலடி உயர்த்திப் புதிதாகக் கட்டுவது மூன்றாவது. இரண்டாவதற்குக் கை தூக்கியவர்கள் மிகக் குறைவு. மூன்றாவது யோசனைக்கு ஆகும் செலவைக் கேட்டு எல்லாரும் மௌனமாக இருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "மாசம் அம்பது வெள்ளி நான் தரேன், அம்மாவை எங்கேயும் தூக்கிட்டுப் போயிடாதீங்கப்பா" என்றார். அதோடு முடிவாகிவிட்டது. அவர் ஒரு மாதமும் தவறவில்லை.

ஐந்து நிலை ராஜகோபுரம் ஏன் இல்லை என்ற வருத்தம் சிலருக்கு உண்டு என்பதை அறிவோம். கிடைத்த பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்கும் அடித்தளத்துக்கும் வடிகாலுக்கும் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத வேலை அது. மூன்று நிலையோடு நிறுத்தியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். நனையாத கருவறைக்குப் பிறகுதான் கோபுரம்.

பாலாலயம் செய்து அம்மனைத் தற்காலிகக் கொட்டகையில் எழுந்தருளச் செய்த பிறகு பழைய தரையைப் பிரித்தோம். மேலே வெள்ளை ஓடு, அதன் கீழ் சிவப்புச் சிமெண்டு, அதற்கும் கீழே களிமண். அந்தக் களிமண்ணுக்குள் பார்த்தால் பால் கோப்பைகள்! உடைந்த பீங்கான் கோப்பைகளைச் சல்லிக்குப் பதிலாகப் போட்டு இடித்து இறுக்கியிருக்கிறார்கள். கல் வாங்கக் காசில்லாதவர்கள் மரத்தடியில் உடைந்து கிடந்ததைக் கொண்டுவந்து அம்மனுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். முழுசாகக் கிடைத்தவை சில. அதில் ஒன்றின் உள்பக்கம் கறுத்துப்போன ஒட்டுப்பால், அதாவது காய்ந்த ரப்பர் பால், தோல்போல் ஒட்டியிருந்தது. முப்பது வருடம் பால்வெட்டிய அம்மா ஒருவர் அதைக் கையில் வாங்கி, பேசிக்கொண்டே பெருவிரல் நகத்தை விளிம்பில் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். தோல் அப்படியே கழன்று வந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்திருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்கு அவற்றில்தான் விளக்கேற்றப் போகிறோம். உடைந்தவற்றைப் புதிய அடித்தளத்திலேயே திரும்பப் போட்டுவிட்டோம்.

அம்மனை உயர்த்தலாம், அரசமரத்தை உயர்த்த முடியுமா? முனியாண்டி சாமி அந்த மரத்தடியில்தான் இருக்கிறார். வேர்மேல் நாலடி மண்ணைக் கொட்டினால் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் சில வருடங்களில் பட்டுவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மரத்தை வெட்டிவிட்டுச் சாமிக்கு மேலே தனிச் சன்னதி கட்டலாம் என்ற பேச்சும் வந்தது. குழு அதற்கு ஒப்பவில்லை. கிளை விரிவுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, மரத்தையும் முனியாண்டியையும் பழைய மட்டத்திலேயே விட்டு, இறங்க ஏழு படி வைத்தோம். மழைத்தண்ணீருக்குக் கீழே ஒரு தொட்டி, தானாக ஓடும் பம்பு. கூரை போடவில்லை, வெட்டவெளியில் இருப்பதுதான் அவர் வழக்கம்.

அந்த ஏழு படி இறங்கிப் பாருங்கள். கீழே கால் படுவது பழைய தோட்டத்து மண். பெரட்டுக் களத்தில் இருந்த மண், லயத்து வாசலில் இருந்த மண். இந்த வட்டாரத்தில் லோரி மண் விழாத இடம் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தாமான் பிள்ளைகள் அங்கே இறங்கி விளையாடினால் தயவுசெய்து யாரும் விரட்ட வேண்டாம்.

தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். வடிகாலின் வெளிவாய் முதல் தடவை சரிவு மாறிப் போய்விட்டது. முதல் மழையிலேயே தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது. குத்தகையாளர் செய்தது என்றாலும், கான்கிரீட் போடுமுன் மட்டம் பார்த்திருக்க வேண்டியது நாங்கள். உடைத்துத் திரும்பப் போட்ட செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பிகளுக்கு வேலை அனுமதி வரத் தாமதமாகி, சில மாதம் வேலை நின்றதும் உண்மை. அந்த இடைவெளியில் குழு விளக்கம் எதுவும் தராமல் இருந்தது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

கும்பாபிஷேக நாள்களைப் பற்றி நீங்களே அறிவீர்கள். ஒன்று மட்டும் எழுதி வைக்க ஆசை. அஷ்டபந்தன மருந்தை வெளியிலிருந்து வாங்காமல் இங்கேயே இடித்தோம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டும் ஒன்றாகி மெழுகுபோல் இளகும்வரை இடிக்க வேண்டும், கை விட்டுவிடும். அடுக்குமாடியில் இருக்கும் தோட்டத்துப் பையன்களும் காண்டோவிலிருந்து வந்த கணினித்துறை இளைஞர்களும் முறை வைத்து விடியவிடிய இடித்தார்கள். இரண்டு வருடம் ஒரே வரிசையில் நின்று பிரசாதம் வாங்கியும் பேர் கேட்டுக்கொள்ளாதவர்கள் அன்று ராத்திரி "டேய், கை மாத்துடா" என்று பழகிவிட்டார்கள்.

கார் நிறுத்தச் சிரமம் இருந்தது. கடைவரிசையில் வன்பொருள் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் மூன்று நாளும் தம் பின்கட்டைத் திறந்துவிட்டார். பக்கத்து சூராவில் (சிறு தொழுகையிடத்தில்) பாங்கு சொல்லும் நேரங்களில் நாம் மேளத்தை நிறுத்தினோம். அங்கிருந்து வந்த இளைஞர்கள் சாலையில் நின்று வாகனங்களை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் எல்லாருக்கும் ஆலயத்தின் சார்பில் நேரில் போய் நன்றி சொன்னோம்.

பாக்கி வேலைகள்: மடப்பள்ளிப் புகைபோக்கி, முதியோர் ஏறும் சரிவுப் பாதைக்குக் கைப்பிடி, தென்புறக் கானுக்கு மூடி. ஆடிக்குள் முடித்துவிடுவோம்.

கடைசியாகக் கல்வெட்டு. தொகை வாரியாக உபயதாரர் பெயர்களை வெட்டும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடலாம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். அவை நன்கொடைப் புத்தகத்தில் இருக்கும். முனியாண்டி சுற்றுச்சுவரில் லயம் லயமாக, வீட்டு வரிசைப்படி, அங்கே குடியிருந்த குடும்பங்களின் பெயர்கள் மட்டும் வரும். நான்கு லயத்துப் பெயர்கள் சேர்ந்துவிட்டன. ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த கடைசி லயத்தில்தான் மூன்றாவது வீடும் ஐந்தாவது வீடும் யாருடையது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் இருந்தவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ தெரிந்தால், வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டுக்கும் இடம் விட்டுத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறோம். சிற்பி ஆடி முடியும்வரை இங்கேதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக்குழு