பெயர் கொடுக்க முதல்

அன்பு மகளுக்கு,

ஏ லெவலில் பிலிம் ஸ்டடீஸ் (திரைப்படப் பாடம்) படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் குறும்படமா திரைக்கதையா என்று இந்தக் கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம், சித்தி சொன்னா. நீ குறும்படம்தான் என்கிறாயாம். இரவு, மழை, ரயில் நிலையம், ஆறு நடிகர்கள். முடிவு உன்னுடையது. ஆனால் பெயர் கொடுக்க முதல் இதை ஒருக்கா வாசி.

உங்கள் பரீட்சையை நடத்தும் எடுகாஸ் வாரியத்தின் கணக்கு இதுதான். எழுத்துச் சோதனை இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரை மணித்தியாலம், ஒவ்வொன்றுக்கும் 35 வீதம். மிச்சம் 30 வீதம் உன் சொந்தப் படைப்புக்கு. அந்தப் படைப்புக்கு 60 புள்ளி. அதில் 40 படத்துக்கு, 20 நீ எழுதும் மதிப்பாய்வுக்கு. 1,600 முதல் 1,800 சொற்கள், வாரியம் குறித்திருக்கும் குறும்படங்களோடு உன் படத்தை ஒப்பிட்டு எழுத வேண்டும். படத்தோடு மாதக்கணக்கில் மாரடித்துவிட்டு மதிப்பாய்வைக் கடைசி இரவில் எழுதுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குப் புள்ளியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் குறும்படங்களைப் படப்பிடிப்புக்கு முன்பே பார்த்து, எந்த ஷாட்டை எதற்காகக் கடன் வாங்குகிறாய் என்று ஒரு கொப்பியில் எழுதி வை. பிறகு மதிப்பாய்வின் பாதி அந்தக் கொப்பியிலேயே இருக்கும்.

திரைக்கதை குறைந்த தெரிவு இல்லை, அதற்கும் அதே 40 புள்ளிதான். 1,600 முதல் 1,800 சொல்லில் எழுதி, முக்கியமான ஒரு பகுதிக்கு, ஷாட்டுகளை வரிசையாகக் காட்டும் புகைப்பட ஸ்டோரிபோர்டும் சேர்க்க வேண்டும். தாளில் மழைக்குச் செலவில்லை. உன் கதை அந்த ரயில் நிலையம் இல்லாமல் நிற்காது என்றால் திரைக்கதைக்குப் பெயர் கொடு. ஓர் அறை, இரண்டு பேர், ஒருவர் மற்றவரிடம் மறைக்கிற ஒரு விஷயம் என்று சுருக்க முடியுமென்றால் படம் எடு. என்னைக் கேட்டால் சுருக்கு என்றுதான் சொல்லுவேன்.

படத்தின் நீளம் 4 முதல் 5 நிமிடம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும். புதிதாக எடுப்பவர்கள் முதலில் எடிட் பண்ணும் வடிவம் எப்போதும் நீளும், ஆகவே நாலு பக்கத்தோடு நிறுத்து. நண்பர்கள் நடிக்கலாம், நீ சொல்கிறபடி கமெராவும் பிடிக்கலாம். ஆனால் திட்டம், இயக்கம், எடிட்டிங் உன்னுடையதாக இருக்க வேண்டும். அலாரம் அடித்து எழும்பும் காட்சியில் தொடங்காதே, எல்லாம் கனவு என்று முடிக்காதே. பரிசோதகர்கள் அவற்றைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருப்பார்கள்.

வெளிக்காட்சிகளை ஒக்டோபருக்குள் முடி. டிசம்பரில் இங்கிலாந்தில் நாலு மணியளவில் இருட்டிவிடும், வகுப்பு முடிந்து போனால் வெளிச்சம் இராது. ரயில் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வேண்டும். பொம்மைத் துப்பாக்கி எதுவும் தெருவுக்குக் கொண்டு போகாதே. யாராவது கண்டு அழைத்தால் ஆயுதப் பொலிஸ் வரும், விளையாட்டில்லை.

கைப்பேசியில் எடுப்பதில் குறையில்லை, ஆனால் அதன் சொந்தக் கமெரா அப்பை நம்பாதே. பிளாக்மேஜிக் கமெரா அப் இலவசம். அதில் செக்கனுக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்), ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரமான ஷட்டர் 1/50 செக்கன் என்று பூட்டு. இங்கிலாந்து மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். ஷட்டர் 1/60 என்றிருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும் பாடு. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளிறிப்போகும். கைப்பேசியில் பெரும்பாலும் அப்பெர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துவாரத்தை, குறைக்க முடியாது, ஆகவே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று மாட்டு, அல்லது நிழலுக்குள் எடு.

மாணவர் படங்கள் பெரும்பாலும் விழுவது ஒலியில். கமெரா மைக் மூன்று மீற்றருக்கு அப்பால் இருக்கிறவரின் குரலை விட்டுவிட்டு அறையின் எதிரொலியைத்தான் பிடிக்கும். மலிவான கொலர் மைக் ஒன்றை இன்னொரு கைப்பேசியில் செருகி, நடிகரின் பொக்கெற்றுக்குள் பதிவை ஓடவிடு. ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கமெரா முன் ஒரு கைதட்டு, படத்தையும் ஒலியையும் பொருத்த அது போதும். சில கைப்பேசிகளின் ஃபிரேம் வேகம் சீராக இராது. நீண்ட ஷாட்டில் உதடும் குரலும் மெல்ல விலகினால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு மாறாத 25க்கு மாற்று, பிறகு எடிட் பண்ணு. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு எடு. வீட்டுத் திறப்பை அதற்குள் வைத்தால் திரும்பப் போட மறக்கமாட்டாய், சித்தியிடம் பேச்சும் வாங்கமாட்டாய். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் பேசாமல் நிற்க 30 செக்கன் வெறும் அறை ஒலியைப் பதிவு செய். வெட்டுக்கு வெட்டு பின்னணி தடக்கென மாறுவதை மறைக்க அது வேண்டும்.

இரண்டு பேர் கதைக்கும் காட்சியில் அவர்களுக்கிடையே ஒரு கோட்டை நினைத்துக்கொள், கமெரா அதற்கு ஒரே பக்கத்தில் நிற்கட்டும். தாண்டினால் இரண்டு பேரும் ஒரே திசை பார்ப்பது போலத் தெரியும். நடிப்பு முடிந்தும் ஐந்து செக்கன் கமெராவை ஓடவிடு, வெட்ட இடம் கிடைக்கும். பாட்டைப் போட்டு அழவைக்கப் பார்க்காதே. பாட்டில்லாமல் நிற்காத காட்சி எழுதியதிலேயே பிழை.

எழுத்துச் சோதனைக்கு நெடும்படங்கள் பதினொன்று. முழுப்படத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பலனில்லை. படத்துக்கு மூன்று காட்சி எடு. ஒவ்வொன்றையும் ஒருதரம் ஒலியில்லாமல், ஒருதரம் படமில்லாமல், ஒருதரம் வெட்டுகளை எண்ணிக்கொண்டு பார். கதையைச் சொல்லும் விடைக்குப் புள்ளி வராது. ஹிட்ச்கொக்கின் ‘வெர்டிகோ’ படத்தில் நாயகனுக்குத் தலை சுற்றுகிறது என்பது கதை. கமெரா நகர்வும் சூமும் எதிரெதிராகப் போய்ப் படிக்கட்டின் கீழ்ப்பக்கம் நீள்கிறது, அவன் பயத்துக்குள் நாமும் அகப்படுகிறோம் என்பது விடை. பழைய ஹொலிவூட் பகுதிக்குப் பின்னணியும் வேண்டும். 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை இருந்த தணிக்கை விதிகள், ஸ்டூடியோக்களைத் தியேட்டர்களிலிருந்து பிரித்த 1948ஆம் ஆண்டு பரமவுண்ட் தீர்ப்பு. இவற்றைத் தனிப் பந்தியாக ஒப்புவிக்காதே, ஒரு ஷாட் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லப் பயன்படுத்து. முதல் தாளில் மூன்று பகுதி, பகுதிக்கு 50 நிமிடம். பிடித்த படத்தில் மயங்கி எழுதி மூன்றாவதைப் பாதியில் விடாதே.

படம் பார்க்கிறதும் ஒரு பாடமோ என்று மாமா கேட்டால், பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கான யூகாஸ் கணக்கில் இதற்கும் ஏ தரம் என்றால் 48 புள்ளிதான், கணிதத்துக்கும் அதேதான் என்று சொல்லிவிடு. அதற்கு மேல் வாதாட வேண்டாம்.

எடுத்ததை அன்றன்றே கணினிக்கும் ஒரு வெளி டிஸ்குக்கும் மாற்று, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகே கைப்பேசியில் அழி. படம் எடுப்பதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் அதன் திரைக்கதையை எனக்கு அனுப்பு. நாலு பக்கத்துக்கு மேல் இருந்தால் வாசிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அப்பா