பாட்டு நோட்டுகள் பிழைத்தன: ஊராருக்கு நன்றி

அன்புள்ள அயர்லாந்துக் காரிப் ஏரிக்கரை ஊராருக்கு,

நோட்டுகள் நனைந்த அந்த இரவைப் பற்றி மறுபடி எழுத மனம் வரவில்லை, தேவையும் இல்லை. நம் ஊர்க் கவிஞர்கள் ஐரிஷ் மொழியில் எழுதிய பாட்டு நோட்டுகள் பதினொன்றும் பிழைத்துவிட்டன.

முதல் நன்றி, பாலத்தடி வீட்டு அம்மாவுக்கு. நனைந்த தாளை விட்டுவைத்தால் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த ஆள் இல்லை. உறைய வைத்தால் பூஞ்சை வளராது, மை மேலும் கசியாது. விஷயம் காதில் விழுந்ததும், குளிர்காலத்துக்கு வைத்திருந்த ஆட்டிறைச்சியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, தன் ஃப்ரீசரைத் துடைத்துக் கொடுத்தார் அந்த அம்மா. நோட்டுகளைச் சுற்றிய மெழுகுத்தாளும் அவர் சமையலறையிலிருந்து வந்ததுதான். ஒட்டிக்கொள்ளாதபடி தனித்தனியாகச் சுற்றி, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தினோம்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். பத்துத் தாளுக்கு ஒன்று என்று மை உறிஞ்சும் தாளைச் செருகி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம். நிறையச் செருகினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். மின்விசிறி அறைக்காற்றை அசைத்தால் போதும், நோட்டின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் ஈரத்தாளைப் பிரிக்கவே கூடாது, கிழிந்துவிடும்.

பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. பேனா மைதான் கரைந்தது. உயிரெழுத்தின் மேல் நெடிலைக் காட்டும் சிறு சாய்கோடுகள் பல இடங்களில் போய்விட்டன. அந்தக் கோடு இருந்தால் 'ஃபேர்', புல். இல்லாவிட்டால் 'ஃபார்', ஆண். படகு மூழ்கிய பாட்டில் இது சின்னத் தவறல்ல. மேல்கரைப் பெரியவர் இரண்டு மாலை உட்கார்ந்து பாடிக் காட்டினார். இந்தப் பாட்டுகளில் அடிக்கு அடி இயைந்து ஒலிப்பது உயிரோசைதான். நெடிலைக் குறிலாக்கினால் அவர் காது உடனே பிடித்துவிடும்.

கண் தெரியாத ஐரிஷ் கவிஞர் ராஃப்டரிக்கு 1900இல் எழுத்தாளர் லேடி கிரிகரி கிலினீன் ஊரில் கல்லறைக்கல் வைத்தார். ராஃப்டரியின் பாடல்களை ஐரிஷ் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைட் 1903இல் புத்தகமாக்கினார். 1828இல் நம் ஏரிக்கரை அன்னாடவுனிலிருந்து கிளம்பிய படகில் மூழ்கியவர்கள் ஆண்கள் பதினொருவர், பெண்கள் எட்டுப் பேர் என்று ராஃப்டரியின் பாட்டு கணக்கோடு சொல்கிறது, இன்றும் பாடுகிறார்கள். நம் கவிஞர்களைத் தேடி ஹைட் வரவில்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத வயல் பெயர்களும் வீட்டுப் பெயர்களும் இந்த நோட்டுகளில்தான் இருக்கின்றன. அதனால்தான் இவ்வளவு பதறினோம்.

மின்விசிறி தந்தவர்கள், இரவு முறை பார்த்த பிள்ளைகள், தாள் கட்டுகளை அனுப்பிய பள்ளி, டீ கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

இனி ஒரு நோட்டும் ஒற்றைப் பிரதியாக இருக்காது. பக்கம் பக்கமாகப் படமெடுத்து மூன்று வெவ்வேறு கட்டடங்களில் வைக்கப்போகிறோம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கீழே எதையும் அடுக்க மாட்டோம்.

அம்மா, உங்கள் ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் இன்னும் இரண்டு நோட்டுகள் உள்ளன. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம்.